விசில் அடிக்காத குக்கரும் கோதுமை ஆகாத மருமகளும்

எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டில் என்ன கறி என்று தெரிந்துகொள்ள மூக்கு தேவையில்லை, காது போதும். நாலு விசிலோடு அடுப்பை அணைத்தால் ஆடு. ஏழு, எட்டு என்று போய்க்கொண்டே இருந்தால் மாடு. கோழிக்கு விசிலே வேண்டாம். கோழி சாப்பிடுகிறவர்கள் பாக்கியவான்கள், அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெரு. பக்கத்து வீட்டு சார் பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், சுத்த சைவம். திங்கட்கிழமை காலையில் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வருவார். நான் வாசல் தெளித்துக்கொண்டிருப்பேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, ரொம்ப மரியாதையாகக் கேட்பார்.

"என்னம்மா, நேத்து உங்க வீட்ல கொண்டக்கடலையா?"

"ஆமா சார், கொண்டக்கடலைதான்."

அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் இந்தத் தெருவுக்குக் குடிவந்த நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் இந்த நாடகத்தைத் தவறாமல் நடத்திவந்தோம். அவர் கணக்குப்படி எங்கள் குடும்பம் தின்ற கொண்டைக்கடலைக்கு ஒரு குதிரை லாயமே வைத்து நடத்தியிருக்கலாம்.

பொய் சொல்வது பாவம் என்று ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். கொண்டைக்கடலை மட்டும் அந்தக் கணக்கில் வராது என்று எனக்கும் ஆண்டவருக்கும் ஓர் ஒப்பந்தம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆண்டவர் அதில் கையெழுத்துப் போட்டதாக ஞாபகமில்லை.

இப்படி இருக்கும்போதுதான் என் மகன் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே ஒரு மின்சாரப் பாத்திரம். கனமான பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி, முன்னால் ஒரே ஒரு திருகு. ஸ்லோ குக்கர் என்றான்.

"காலைல கறியைப் போட்டு மூடிட்டா போதும்மா. எட்டு மணி நேரம் தானா வேகும்."

என் வீட்டுக்காரர் பம்மலில் தோல் பதனிடும் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க மாட்டுத் தோலோடு பழகியவர். அவர் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எட்டு மணி நேரமா? அதுக்குள்ள அந்த மாடே நடந்து பல்லாவரம் சந்தைக்குப் போயிட்டுத் திரும்பி வந்துடும்டா."

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "இது விசில் அடிக்குமா?"

"அடிக்காதும்மா."

அந்த நிமிடமே அந்தச் சட்டியை எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஆனால் அவன் அதை வாங்கியது எனக்காகவும் இல்லை, பக்கத்து வீட்டு சாருக்காகவும் இல்லை. அவன் மனைவிக்காக. அதைச் சொல்லவேண்டும் என்றால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

என் மருமகள் கல்யாணமாகி வந்தபோது நன்றாகத்தான் இருந்தாள். துரைப்பாக்கத்தில் ஆபீஸ். சிரித்த முகம். சில மாதங்களில் இளைக்க ஆரம்பித்தாள். சாப்பிட்டால் வயிறு உப்பும், வலிக்கும், முகம் வெளிறிப்போகும். எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை அன்று பரோட்டாவும் சால்னாவும் போட்டார்கள். சாப்பிட்டு அரை மணி நேரத்தில் பின்பக்கக் குழாயடியில் வாந்தி எடுத்தாள். அதை என் நாத்தனார் பார்த்துவிட்டார்.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கிழக்குத் தாம்பரத்தில் இருக்கிறார். ஜெப வீராங்கனை. அவருக்குத் தெரிந்த ஒரு விஷயம் மேற்குத் தாம்பரத்துக்குப் போய்ச் சேர ரயில்வே கேட், சுரங்கப்பாதை எதுவும் தேவையில்லை. அன்று சாயங்காலத்துக்குள் சபை முழுக்க எனக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டது. பாட்டுக்குழுவில் ஓர் அம்மா குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்னவே ஆரம்பித்துவிட்டார். மெட்ராஸில், சித்திரை மாதத்தில் பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஸ்வெட்டர்.

பிள்ளை இல்லை. டாக்டர் ரத்தம் எடுத்து, குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, கடைசியில் சொன்னார்: இந்தப் பெண்ணுக்குக் கோதுமை ஆகாது. கோதுமையில் இருக்கிற ஒரு சத்து இவள் குடலை அறுக்கிறது. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் கூடாது. கொஞ்சமாக இருந்தால் பரவாயில்லை என்பது கிடையாது. ஒரு சிட்டிகை போனாலும் போனதுதான். நாலைந்து நாள் படுக்கையில் சுருண்டு கிடப்பாள்.

ஸ்வெட்டர் பின்னிய அம்மாவுக்கு என் மேல்தான் கோபம் வந்தது. கம்பளி வாங்கிய காசு வீணாம்.

நாத்தனாருக்கு நோயே பிடிபடவில்லை. "கோதுமை ஆகாதாமே? அப்போ சர்க்கரைக்காரங்க எல்லாம் ராத்திரி சப்பாத்திதானே சாப்பிடறாங்க, அவங்க செத்தா போயிட்டாங்க? இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு இளைக்கறதுக்கு ஒரு சாக்கு வேணும்."

அதோடு விட்டிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். திருவிருந்தில் கொடுக்கிற அப்பமும் கோதுமைதானே. என் மருமகள் பீடத்தின் முன்னால் முழங்கால் போட்டு, அப்பம் வரும்போது தலையைக் குனிந்துகொள்வாள், திராட்சரசத்தை மட்டும் வாங்குவாள். பாஸ்டரிடம் என் மகன் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கியிருந்தான். பின்வரிசைக்கு யார் சொல்வது? அங்கே நாலு தலைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. "அப்பத்தை வாங்க மனசாட்சி இடம் கொடுக்கலை போல. உள்ளுக்குள்ள என்ன பாவமோ." என் காதிலேயே விழுந்தது. முழங்காலில் இருந்த நான் எழுந்து திரும்பிப் பார்த்தேன். நாலு தலையும் உடனே பாட்டுப் புத்தகத்துக்குள் போய்விட்டது.

அதற்கப்புறம் அவள் எங்கே போனாலும் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தாள். இட்லி, தேங்காய்ச் சட்னி, சில நாள் தயிர்சாதம். கல்யாண வீட்டில் எல்லாரும் பந்தியில் உட்காரும்போது அவள் ஓர் ஓரத்தில் டப்பாவைத் திறப்பாள். "எங்க வீட்டுச் சாப்பாடு ஆகாதோ?" என்பார்கள். "டயட்டாம்மா?" என்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்து, பிறகு சிரிப்பதையே பதிலாக்கினாள். பிறகு போவதையே நிறுத்திக்கொண்டாள்.

எங்கள் சபையில் மாதத்துக்கு ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். ஆராதனை முடிந்து எல்லாரும் அந்த வீட்டுக்கு வந்து, ஜெபம் பண்ணி, மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டு முறை வந்தது. மகன் என்னிடம் வந்து தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அம்மா, அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் அவ அம்மா வீட்டுக்குப் போயிடறோம். அவளுக்கு எல்லார் முன்னாடியும் டப்பாவைத் திறக்க வெக்கமா இருக்காம்."

என் வீட்டில் ஆண்டவரைத் துதிக்கக் கூட்டம். அதைக் கண்டு பயந்து என் வீட்டு மருமகளே ஓடிப்போகிறாள். இந்த லட்சணத்தில் நான் யாரை வரவேற்பது?

அவளைக் கூப்பிட்டேன். "யாரும் எங்கயும் போகவேணாம். அன்னிக்கு எல்லாருக்கும் ஒரே பாத்திரத்துல இஷ்டு வெக்கறேன். கோதுமை வாசனைகூட இருக்காது. பாஸ்டரும் அதுல இருந்துதான் சாப்பிடுவாரு, நீயும் அதுல இருந்துதான் சாப்பிடுவே. டப்பா வேணாம்."

அவள் என்னையே பார்த்தாள். "நம்பிச் சாப்பிடலாமா அத்தை?"

"நம்பிச் சாப்பிடு."

சொல்லிவிட்டேன். அப்புறம்தான் பயம் வந்தது. நாங்கள் கோயிலில் இருக்கும்போதே அந்த ஒரே பாத்திரம் தானாக வேகட்டும் என்றுதான் மகன் ஸ்லோ குக்கரை வாங்கிவந்தான்.

எங்கள் வீட்டு மாட்டுக்கறி இஷ்டு கொஞ்சம் பேர் வாங்கினது. மிளகு, பட்டை, கிராம்பு, காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, கடைசியில் தேங்காய்ப்பால். ஆனால் குழம்பு கெட்டியாக ஒரு கரண்டி மைதாவைக் கரைத்து ஊற்றுவேன். அதுதான் பக்குவம் என்று மாமியார் காலத்திலிருந்து நம்பிக்கை. அந்த மைதாவுக்குப் பதிலாக இரண்டு உருளைக்கிழங்கை மசித்துப் போட்டுப் பார்த்தேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இத்தனை வருஷமும் பசையைத்தான் பக்குவம் என்று ஊற்றியிருக்கிறேன்.

சமையலறையைச் சுத்தம் பண்ணினோம். கோதுமை மாவு டின், ரவை, சேமியா எல்லாம் போயிற்று. மருமகள் கடைசியில் பெருங்காய டப்பாவைக் கையில் எடுத்தாள்.

"அத்தை, இதுலயும் இருக்கு. நாம வாங்கற இந்தத் தூள்ல மைதா கலந்துதான் வருது."

எனக்கு நம்பமுடியவில்லை. வாயுவுக்கு மருந்து என்று பருப்பில் போட்டேன், ரசத்தில் போட்டேன், இவளுக்கு வயிறு வலித்த நாட்களில் மோரில் கரைத்தும் கொடுத்தேன். வலிக்கு மருந்தென்று வலியையே கரைத்துக் கொடுத்திருக்கிறேன். அன்றே அந்த டப்பா குப்பைக்குப் போயிற்று. மாவு கலக்காத பெருங்காயம் கிடைக்குமாம், தேடி வாங்கவேண்டுமாம். அதுவரை வீட்டில் பெருங்காயமே இல்லை. முதல் நாள் சாம்பாரை வாயில் வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் சொன்னார், "சாம்பார் சட்டை போடாம வந்துருக்கு." அந்த வாரம் வந்த நாத்தனாரும் சாப்பிட்டுப் பார்த்து, "பெருங்காயத்துல கூடவா மிச்சம் பிடிக்கறே?" என்றார். காரணத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அதாவது, நான் பேசி முடிக்கும்வரை சும்மா இருந்தார்.

மகன் போனில் ஏதோ வெளிநாட்டு இஷ்டு செய்முறையை எடுத்துவைத்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்தினான். "ரெட் வைன் ஒரு கப் ஊத்தணுமாம்மா." திராட்சரசம் எங்கே ஊற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும், அதைச் சட்டியில் ஊற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "ரோஸ்மேரி?" அந்தப் பேரில் எங்கள் சபையில் இருக்கிற அம்மா வருவார், போதும் என்றேன்.

சனிக்கிழமை என் வீட்டுக்காரரோடு ஸ்கூட்டரில் பம்மல் கறிக்கடைக்குப் போனேன். தொடைக்கறியாக, கொஞ்சம் எலும்போடு கேட்டேன். "கறுப்பு கவர்ல குடுப்பா, தெரியாத மாதிரி."

கடைக்காரர் சிரித்தார். "இன்னாக்கா நீ. கறுப்பு கவர்னாலே உள்ள இன்னா கீதுன்னு ஊருக்கே தெரியும். வெள்ளை கவர்ல எடுத்துகினு போ, ஒருத்தனும் திரும்பிப் பாக்கமாட்டான்."

இருந்தாலும் கறுப்பு கவரில்தான் வாங்கினேன். பழக்கம்.

என் வீட்டுக்காரர் கணக்குப் பார்க்காமல் கறியை அதிகமாக வாங்கிவிட்டார். சட்டி கொள்ளாத கறியைத் தனியாக ஃபிரிட்ஜில் வைத்தேன். அவரைத் திட்டினேன். அந்தத் திட்டை மறுநாள் திரும்ப வாங்கிக்கொள்ளவேண்டி வந்தது.

ஞாயிறு விடியும் முன்பே எழுந்து கறியை வதக்கி, காய்களோடு ஸ்லோ குக்கரில் போட்டு, தேங்காய்ப்பாலையும் அப்போதே ஊற்றி, மூடி, திருகைத் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. அது பாட்டுக்குச் சும்மா உட்கார்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் இரண்டு தடவை தொட்டுப் பார்த்து, "செத்துப்போச்சா?" என்று கேட்டார். மகன் மூடியில் ஒரு காகிதம் ஒட்டினான்: திறக்காதீர்கள். ஒரு தடவை திறந்தால் உள்ளே இருக்கிற சூடு போய், வேக அரை மணி நேரம் கூட ஆகுமாம். அன்று கோயிலில் நான் பண்ணின ஜெபத்தில் பாதி, ஏரியாவில் கரண்ட் போகக்கூடாது என்பதுதான். மீதிப் பாதி, யாரும் மூடியைத் திறக்கக்கூடாது என்பது. முதல் பாதிக்குப் பதில் கிடைத்தது.

எங்கள் குடும்பத்தில் நாத்தனார் வீட்டுக்கு வந்தால் நேராக அடுப்படிக்குப் போய் எல்லாப் பாத்திரத்தையும் திறந்து பார்ப்பார். அது அவர் உரிமை. யாரும் எழுதிக் கொடுத்ததில்லை, யாரும் மறுத்ததும் இல்லை. அன்றும் செருப்பைக் கழற்றின கையோடு உள்ளே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். கண்ணாடி மூடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன இது, கொதிக்கவே மாட்டேங்குது? பொணம் மாதிரி கெடக்குது."

"மெதுவாத்தான் வேகும் அண்ணி. மூடியை மட்டும் திறக்காதீங்க. பாருங்க, எழுதி ஒட்டியிருக்கான்."

"எனக்கு கண்ணாடி இல்லாம படிக்க வராது" என்றார். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் பாஸ்டர் வந்துவிட்டார். வரவேற்கப் போனேன். போய்த்தான் ஆகவேண்டும்.

ஜெபம் நீளமாகப் போயிற்று. சபை மூப்பர் ஜெபித்தால் உலக சமாதானத்தில் ஆரம்பித்து, தாம்பரம் மேம்பாலத்து டிராபிக் வரைக்கும் வந்து நிற்பார். அவர் மனைவி நடுவில் என்னைச் சைகை காட்டிக் கூப்பிட்டார். சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டுக்கொள்ளவேண்டுமாம், அறை வேண்டுமாம். என் படுக்கையறையைக் காட்டினேன். போட்டுக்கொண்டு வந்து ஆமென் சொல்லும் நேரத்துக்குச் சரியாக உட்கார்ந்தார்.

கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஆப்பம் சுட்டு அடுக்கியிருந்தேன். என் மருமகளும் பந்தியில் உட்கார்ந்தாள். மடியில் டப்பா இல்லை. முன்னால் எல்லாருக்கும் போட்ட அதே வாழை இலை. என் மகன் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சும்மாவே சிரித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்து என் மனசுக்குள்ளே ஒரு தோத்திரம் சொல்லிக்கொண்டேன்.

உள்ளே போய் மூடியைத் திறந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. பட்டை, மிளகு, தேங்காய்ப்பால், கறி.

அதற்கடியில் இன்னொரு வாசனை.

எப்போதும் பெருங்காயம் இருக்கிற வீட்டில் அது தெரிந்திருக்காது. ஒரு மாதமாக அந்த வாசனையே இல்லாத அடுப்படி. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் கரண்டியால் எடுத்து முகர்ந்தேன். கொஞ்சம் நாக்கில் வைத்தேன். சந்தேகமே இல்லை.

நாத்தனார் பின்னால் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"அண்ணி, பெருங்காயம் போட்டீங்களா?"

"போட்டேன். நீ போடமாட்டேன்னு தெரியும், அதான் கைப்பையிலயே டப்பாவை எடுத்து வந்தேன். மாட்டுக்கறிம்மா, வயசானவங்க சாப்பிடறாங்க, வாயு பிடிச்சிக்கும். ஒரு சிட்டிகைதான்."

"அதுல மைதா இருக்குன்னு சொன்னேனே அண்ணி."

"பெருங்காயத்துல எங்கேடி மைதா? யாரோ கட்டிவிட்ட கதை."

கையில் கரண்டியோடு நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி தோன்றியது. ஒரு சிட்டிகை. அவ்வளவு பெரிய சட்டி. வாயை மூடிக்கொண்டால் எல்லாரும் சாப்பிடுவார்கள், பாராட்டுவார்கள், மருமகளும் பந்தியில் ஒருத்தியாகச் சாப்பிடுவாள். நாளைக்கு வயிறு வலித்தால் எதனால் என்று யாருக்குத் தெரியும்? எனக்கும் நாத்தனாருக்கும்தான் தெரியும், நாத்தனார் ஒத்துக்கொள்ளமாட்டார். இன்னொரு கொண்டைக்கடலை, அவ்வளவுதானே.

அந்தக் கொண்டைக்கடலைதான் என்னைச் சுட்டது. பக்கத்து வீட்டு சார் என்னை நம்பிக் கேட்டதில்லை. இவள் கேட்டாள்.

கூடத்துக்கு வந்தேன். எல்லார் இலைக்கும் ஆப்பம் வந்திருந்தது. மருமகள் என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"இந்த இஷ்டு உனக்கு வேணாம்மா," என்றேன். "இதுல பெருங்காயம் விழுந்துடுச்சு."

என் மகன் சிரிப்பை நிறுத்தினான். அவள் முகம் மாறினதை என்னால் எழுத முடியாது. கோபம் இல்லை. பழகிப்போன முகம். அதுதான் மோசம்.

"நான் டப்பா எடுத்து வெக்கலை அத்தை," என்றாள் மெதுவாக. "நீங்க சொன்னீங்கன்னு."

பின்னாலிருந்து நாத்தனார் குரல் அழுகையோடு வந்தது. "ஒரு சிட்டிகை பெருங்காயத்துக்கு இவ்வளவு பேர் முன்னாடி மானத்தை வாங்கணுமா? நான் என்ன விஷமா போட்டேன்?"

பாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஜெபம் பண்ணிட்டோமே, ஆகாரத்தை ஆசீர்வதிச்சாச்சு..." என்று ஆரம்பித்தார். மூப்பரின் மனைவி அந்தப் பாதியிலேயே பிடித்துக்கொண்டார். "அதானே. விசுவாசத்தோட சாப்பிடும்மா. சந்தேகப்பட்டுச் சாப்பிட்டாத்தான் எதுவும் செய்யும். ஆண்டவர் பார்த்துக்குவார்."

சுற்றிலும் தலைகள் ஆடின. எல்லாருக்கும் விசுவாசம் பொங்கிற்று, அவள் வயிற்றுக்காக.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "அக்கா, இப்பதானே என் ரூம்ல ஊசி போட்டுக்கிட்டு வந்தீங்க? உங்க சர்க்கரைக்கு ஊசி, இவ குடலுக்கு மட்டும் விசுவாசமா?"

பந்தியில் இரண்டு மூன்று பேர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள், அவரவர் மாத்திரை பத்திரமாக இருக்கிறதா என்று. என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு மூலையில் சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றிக்கொண்டார். பாஸ்டர் நல்ல மனுஷர். "அம்மா சொல்றது சரிதான்" என்றார்.

"எல்லாரும் சாப்பிடுங்க," என்றேன். "கறி நல்லாத்தான் இருக்கு. நாங்க அப்புறம் சாப்பிடறோம்."

பரிமாறும் வேலையை வீட்டுக்காரரிடமும் மகனிடமும் விட்டுவிட்டு அடுப்படிக்குள் போனேன். ஃபிரிட்ஜைத் திறந்து மீதிக் கறியை எடுத்தேன். எட்டு மணி நேரத்துக்கு இப்போது எங்கே போவது? மேலே பரணில் ஏற்றிவைத்த பழைய பிரஷர் குக்கரை இறக்கிக் கழுவினேன். மருமகள் பின்னாலேயே வந்து நின்றாள்.

"எதுக்கு அத்தை இவ்வளவு? நான் வெறும் ஆப்பத்தைப் பால் தொட்டுக்கிட்டுச் சாப்பிட்டுக்கறேன்."

"காரட்டை வெட்டு."

வெட்டினாள். நான் கறியை வதக்கினேன். வாசல்படியில் நிழல் தட்டியது. நாத்தனார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. அவரும் இன்னும் சாப்பிடவில்லை.

"நான் கேட்டனா அவளுக்கு நோவு வரணும்னு?" என்றார் என்னைப் பார்க்காமல். "அன்னிக்கு நீ சொன்னே. இதுல எல்லாமா இருக்கும்னு நெனச்சேன்."

என் மருமகள்தான் பதில் சொன்னாள். "எனக்கே முதல்ல நம்பிக்கை வரலை பெரியம்மா. அந்த டப்பாவைக் குடுங்க, காட்டறேன்."

டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். நாத்தனார் மூக்கிலிருந்த கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். இந்தத் தடவை படிக்க வந்தது. வாயில் ஏதோ முனகினார். அப்புறம், "உருளைக்கிழங்கு உரிக்கணுமா?" என்று கேட்டார்.

"உரிக்கணும். கைப்பையை வெளியில வெச்சிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு வாங்க."

"ஆஸ்பத்திரியாட்டம் பண்றே," என்று சொல்லிக்கொண்டே போய்க் கழுவினார். முழங்கை வரைக்கும்.

குக்கர் முதல் விசில் அடித்தது. பழைய குக்கர், ரயில் மாதிரி ஊளையிடும். கூடத்தில் பேச்சு நின்று மறுபடி ஆரம்பித்தது. இரண்டாவது. மூன்றாவது. ஆடு என்று தெரு நினைத்திருக்கும். நாலு தாண்டியது. பக்கத்து வீட்டு சார் மத்தியானம் ஈஸிசேரில் கண்ணை மூடிப் படுத்திருப்பார், காது திறந்திருக்கும். வழக்கமாக ஐந்தாவது விசிலில் நான் சமையலறை ஜன்னலைச் சாத்துவேன், என்னவோ அதனால் சத்தம் வெளியே போகாது என்பதுபோல. அன்று சாத்தவில்லை. எட்டும் அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கூடத்தில் எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவினபோது, நாங்கள் மூன்று பேரும் அடுப்படித் தரையில் உட்கார்ந்தோம். நடுவில் குக்கர். மருமகள் ஆப்பத்தைப் பிய்த்து, குழம்பில் தொட்டு, வாய்க்குக் கொண்டுபோகும் முன் நிறுத்தி என்னைப் பார்த்தாள். கண்ணில் சிரிப்பு இருந்தது.

"நம்பிச் சாப்பிடலாமா அத்தை?"

"இப்போ சாப்பிடலாம்."

சாப்பிட்டாள். இன்னொரு கரண்டி கேட்டாள். ஒரு வருஷத்துக்கு மேல் என் வீட்டில் அவள் இரண்டாவது கரண்டி கேட்டு நான் பார்த்ததில்லை. என் மகன் காலிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவன், அப்படியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். அவன் காசு போட்டு வாங்கின ஸ்லோ குக்கரைத்தான் அன்று எல்லாரும் புகழ்ந்தார்கள், அதைப்பற்றிக்கூட வாயைத் திறக்கவில்லை.

நாத்தனார் மெதுவாக மென்று பார்த்தார். "பெருங்காயம் இல்லாம கூட நல்லாத்தான் இருக்கு," என்றார். விட்டுக்கொடுத்தது அதிகமாகிவிட்டது என்று தோன்றியிருக்கவேண்டும். "ராத்திரி வாயு பிடிச்சா மட்டும் எனக்குப் போன் பண்ணாதே."

எல்லாம் மாறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். மாறவில்லை. திருவிருந்தில் அவள் இன்னும் ரசத்தை மட்டும்தான் வாங்குகிறாள். பின்வரிசையில் தலைகள் இன்னும் ஒட்டிக்கொள்கின்றன. நாலு இப்போது மூன்றாக ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த நாலாவது தலை யாருடையது என்று சொல்லவேண்டியதில்லை. அவர் இப்போது எங்கள் வரிசையில் உட்காருகிறார், யாராவது முணுமுணுத்தால் திரும்பி முறைக்கிறார், பெருங்காயத்தில் மைதா கலக்கிற கதையைத் தானே கண்டுபிடித்ததுபோல எல்லாருக்கும் சொல்கிறார். சொல்லட்டும். கிழக்கிலிருந்து மேற்குக்கு அந்தச் செய்தியும் போய்ச் சேரட்டும்.

ஜெபக்கூட்டத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை. வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு சார் ஏரியைச் சுற்றிவிட்டு வந்து கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"என்னம்மா, நேத்து மத்தியானம் ரொம்ப நேரம் கொண்டக்கடலை வெந்துச்சு போல?"

வாளியைக் கீழே வைத்தேன்.

"கொண்டக்கடலை இல்ல சார். மாட்டுக்கறி. என் மருமகளுக்கு."

அவர் தரையைப் பார்த்தார். கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் தலையை ஆட்டினார்.

"கொண்டக்கடலைக்கு யாரு பட்டை கிராம்பு போடறாங்கன்னு என் வீட்டம்மா ரொம்ப வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கா," என்றார். "பொண்ணு சாப்பிட்டுதா?"

"ரெண்டு கரண்டி சாப்பிட்டா சார்."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு அவர் தன் கேட்டைத் திறந்துகொண்டு போனார்.